பச்சை விளக்கு எரிகிறது, பெட்டி எழவில்லை

கேள்வி: குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பா காலத்திலிருந்து கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரிக் கேசட்டுகள் ஏறக்குறைய 400 இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருஷம் உட்கார்ந்து அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் நாஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். டிஸ்க் ஒவ்வொன்றும் 4 டிபி; ஒன்றில் உள்ளது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஆறு வருஷமாக இரவும் பகலும் ஓடியது. போன வாரம் மழையில் ராத்திரி மூன்று தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பெட்டி எழவில்லை. பட்டனை அழுத்தினால் முன்விளக்கு ஒரு மினுக்கு மினுக்கி அணைகிறது. காற்றாடி ஒரு சுற்று அசைந்து நின்றுவிடுகிறது. அடாப்டரில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதன் பச்சை விளக்கு எரிகிறது, மீட்டரில் 12.1 வோல்ட் காட்டுகிறது. ஆகவே அடாப்டரில் கோளாறு இல்லை. கடைக்காரர் ‘போர்டு போச்சு’ என்கிறார். ஒரு டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன், ‘பார்மட் செய்யவா?’ என்று கேட்டது. பயந்து கேன்சல் கொடுத்துவிட்டேன். கேசட்டுகளில் பாதி பூஞ்சை பிடித்து எறிந்தாயிற்று. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

கேன்சல் கொடுத்தீர்களே, அதுதான் சரி. அதனால் டிஸ்க்கில் எதுவும் அழியவில்லை. நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) முறையில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அந்த முறை படிக்கத் தெரியாது. தெரியாததையெல்லாம் அது பார்மட் செய்யவா என்று கேட்கும். இனி அந்த இரண்டு டிஸ்க்கையும் விண்டோஸ் கம்ப்யூட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எது பெட்டியின் எந்த அறையில் இருந்தது என்று 1, 2 எழுதி ஒட்டி, பழைய துணியில் சுற்றி, ஈரம் படாத பீரோவில் வைத்துவிடுங்கள். பெட்டி எழவில்லை என்பது வேறு, பதிவுகள் போய்விட்டன என்பது வேறு. உங்கள் கடிதத்தில் உள்ளது முதலாவது மட்டும்தான்.

போர்டு போயிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான் வருகிறது. நீங்கள் குற்றமில்லை என்று விடுதலை செய்துவிட்ட அதே அடாப்டர்!

மதகை மூடியிருக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் தளும்பி நிற்கும். திறந்து விட்டால்தானே வரத்து எவ்வளவு என்று கடைமடைக்காரருக்குத் தெரியும்? அடாப்டரைத் தனியாக மீட்டரில் பார்ப்பது மூடிய மதகைப் பார்ப்பது மாதிரி. பச்சை விளக்கு எரியச் சில மில்லி ஆம்பியர் போதும். மீட்டருக்கு அதுவும் வேண்டாம். ஆனால் ஒரு 3.5 அங்குல டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க்குக்கு 4. போர்டும் காற்றாடியும் சேர்ந்தால் 5 ஆம்பியர் அடாப்டர் விளிம்பில் நிற்கிறது. சுழன்று நிலைக்கு வந்தபின் ஒவ்வொரு டிஸ்க்கும் அதில் கால் பங்குக்குச் சற்று மேலே எடுத்தாலே அதிகம்.

ஆறு வருஷம் நிற்காமல் ஓடியது ஏன் ஒரே ராத்திரியில் நின்றது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அடாப்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கிக் கொடுக்கும் உருளைக் கபாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல உலரும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுக் கணக்கு. அலமாரிக்குப் பின்னால், துணி மூட்டையோடு ஒட்டி, ஆறு கத்திரி வெயிலைப் பார்த்த அடாப்டர் எப்படி இருக்கும்? பாதி உலர்ந்த கபாசிட்டரும் சூடாக இருக்கும்வரை ஓரளவு வேலை செய்யும். ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்குக்கு அது போதும். கரண்ட் போய், மழைக்குளிரில் ஆறிவிட்டால் அதன் உள்தடை ஏறிவிடும். அப்போது பார்த்து இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் முழு இழுப்பு இழுக்கும். வோல்ட் சட்டென்று விழும், போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். விளக்கு மினுக்குவதும் காற்றாடி ஒரு சுற்றோடு நிற்பதும் அதுதான். அடாப்டர் எப்போதோ தளர்ந்துவிட்டது. மழை ராத்திரி அதைக் காட்டிக்கொடுத்தது.

இனிச் சோதனை. சுவரிலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

சுவர் சமாசாரம் சீக்கிரம் முடியும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். அதே பிளக்கில் ஒரு டேபிள் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். டெஸ்டர் எரிந்தது என்பதை நம்ப வேண்டாம். நியூட்ரல் விட்டிருந்தாலும் டெஸ்டர் எரியும். அன்று ராத்திரி வீட்டில் பல்புகள் கண்ணைப் பறிக்கிற மாதிரி பிரகாசமாக எரிந்தனவா, வேறு பொருள் ஏதாவது போனதா என்றும் விசாரியுங்கள். தென்னமட்டை விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை வர வாய்ப்புண்டு. அப்படி நடந்திருந்தால் கதை வேறு. ஆனால் அந்த அடியில் அடாப்டரின் பச்சை விளக்கு பெரும்பாலும் தப்பியிருக்காது.

அடுத்து நாஸ் பெட்டியை மொட்டையாக்குங்கள். டிஸ்க் இரண்டும் வெளியே. பின்னால் உள்ள லேன் ஒயர், யுஎஸ்பியில் செருகிய எதுவானாலும், எல்லாம் வெளியே. அடாப்டர் பின்னையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஐந்து நிமிஷம் கழித்து அடாப்டரை மட்டும் செருகி, பட்டனை இரண்டு நொடி அழுத்துங்கள்.

பெட்டி எழுந்து, காற்றாடி தொடர்ந்து ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது, போர்டு உயிரோடிருக்கிறது. ஆரஞ்சு விளக்கு எரியும், பீப் அடிக்கும். டிஸ்க் இல்லையே என்று கூப்பாடு போடுகிறது, அவ்வளவுதான். இப்போது சந்தேகம் இரண்டே இடத்தில்: தளர்ந்த அடாப்டர், அல்லது மிகை வோல்ட் வந்து ஷார்ட் ஆன ஒரு டிஸ்க். டிஸ்க்கின் அடிப்பலகையில் காவலுக்கு என்றே ஒரு டயோடு இருக்கும். மிகை வோல்ட் வந்தால் அது தன்னைப் பலி கொடுத்து ஷார்ட் ஆகும். அப்படி ஒரு டிஸ்க் உள்ளே இருந்தால் நல்ல அடாப்டரும் மூச்சு விட முடியாமல் அணையும்.

எந்த டிஸ்க் என்று பார்க்கலாமே என்று நாஸில் முதலில் ஒன்றை மட்டும் போட்டு ஏற்றி, பிறகு அதைக் கழற்றி மற்றதை மட்டும் போட்டு ஏற்றி விடாதீர்கள். பலரும் செய்கிற தப்பு இது. முதல் டிஸ்க் ‘என் ஜோடி காணாமல் போச்சு’ என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவதைத் தனியாக ஏற்றும்போது அதுவும் அப்படியே குறித்துக்கொள்ளும். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டால் எது மூலம், எது நகல் என்று பெட்டிக்கே குழப்பம்.

அதற்குப் பதிலாக, யுஎஸ்பி டாக் என்று கம்ப்யூட்டர் கடைகளில் விற்கும் டிஸ்க் தொட்டில் ஒன்று வாங்குங்கள். தனி அடாப்டரோடு வருவதாக இருக்கட்டும். யுஎஸ்பி ஒயரை எதிலும் மாட்டாமல், தொட்டிலுக்கு கரண்ட் மட்டும் கொடுத்து ஒரு டிஸ்க்கைச் செருகுங்கள். மெல்லிய ஊதல் மாதிரிச் சத்தம் ஏறி, பத்துப் பதினைந்து நொடியில் சீரானால் அந்த டிஸ்க்கின் மின்பகுதி நலம். தொட்டிலின் விளக்கே அணைந்தால் ஷார்ட். டக் டக் என்று ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே பதிவைப் படிக்கும் ஊசி அடிபட்டிருக்கலாம், மறுபடி ஏற்ற வேண்டாம். தொட்டில் வாங்கும்போது இரண்டு விஷயம்: பழைய சரக்கு சிலது 2 டிபிக்கு மேல் அறியாது, கேட்டு வாங்குங்கள். இரண்டு டிஸ்க் போடும் தொட்டில்களில் ‘குளோன்’ என்று ஒரு பட்டன் இருக்கும். கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு டிஸ்க்கை இன்னொன்றின் மேல் எழுதிவிடும். ஒற்றை டிஸ்க் தொட்டிலாக வாங்கிவிட்டால் அந்த வம்பே இல்லை.

டிஸ்க் இரண்டும் சுழல்கின்றன, மொட்டைப் பெட்டியும் எழுகிறது என்றால் குற்றவாளி அடாப்டர்தான். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் பல்புச் சோதனை இருக்கிறது. கார் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டு வாங்குங்கள். ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் இணையாகப் போட்டால் 3.5. சிசிடிவி சாமான் விற்கும் கடையில் திருகு வைத்த டிசி சாக்கெட் கிடைக்கும். அதில் பல்பின் ஒயர்களை முடுக்கி அடாப்டர் பின்னைச் செருகலாம். முதலில் ஒரு பல்பு. அது எரிந்து நின்றபின் இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால், குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு இழுத்து நல்ல அடாப்டரைக்கூடத் தடுமாற வைக்கும். பல்பு எரியும்போது அந்தத் திருகுகளிலேயே மீட்டர் முனைகளை வைத்துப் பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 10, 9 என்று சரிந்தாலோ பல்பு மின்மினி மாதிரி அணைந்து அணைந்து எரிந்தாலோ அடாப்டர் முடிந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பல்பு கையைச் சுடும், ஓட்டின் மேலோ தரையிலோ வைத்துச் செய்யுங்கள்.

புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்: 12. ஆம்பியர் 5 அல்லது அதற்கு மேல். கூடினால் கெடுதல் இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். பின்னின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்விட்டம் பெரும்பாலும் 2.5. கடையில் அதிகம் கிடைக்கும் 2.1 பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் பொருந்தாது. பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். நடுவில் பிளஸ், சுற்றிலும் மைனஸ் என்று லேபிளில் படம் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சடிக்காத, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரிக் கனமில்லாத அடாப்டரை வாங்காதீர்கள். மேலே 5 ஆம்பியர் என்று போட்டிருக்கும், உள்ளே இரண்டுக்குத்தான் சரக்கு இருக்கும்.

வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் சார்ஜர்? அதன் பின் சில சமயம் இதில் கச்சிதமாக நுழையும். ஆனால் அது 19 வோல்ட். செருகிய நொடியில், இதுவரை போகாத போர்டு போகும். மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் 1 ஆம்பியரோ 2 ஆம்பியரோ தரும். 2 ஆம்பியர் இருந்தால், பின்னும் பொருந்தினால், மொட்டைப் பெட்டியைச் சோதிக்க மட்டும் அது உதவும். டிஸ்க்கோடு வேண்டாம்.

சரி, நல்ல அடாப்டர் போட்டும் மொட்டைப் பெட்டி எழவில்லை என்றால்? அடாப்டரைக் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் நிலையில் வைத்து, பெட்டியின் மின்துளையில் நடு ஊசிக்கும் ஓரத் தகட்டுக்கும் வைத்துப் பாருங்கள். ஒரு கணம் கத்தி நின்றால் சரி. நிற்காமல் கத்தினால் நுழைவாயிலிலேயே ஷார்ட். காவல் டயோடோ, அதை ஒட்டிய சிறு பாகமோதான் பெரும்பாலும். லேப்டாப் போர்டுக்குச் சிப் மட்டத்தில் வேலை செய்பவர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கிடைப்பார், அவருக்கு இது பெரிய வேலையில்லை. போர்டை மட்டும் கொடுங்கள், டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். பின்பக்கக் காற்றாடி வழியாகப் பல்லி நுழைந்து போர்டின் மேலேயே கருகிக் கிடப்பதும், எறும்பு புற்று வைப்பதும், குளவி மண்கூடு கட்டிக் காற்றாடியை நிறுத்திவிடுவதும் நம் பக்கத்து வீடுகளில் நடக்கக்கூடியவை. மூடியைத் திறந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

காற்றாடி ஓடுகிறது, ஆனால் முன்விளக்கு கால் மணி நேரமாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் மின்சாரம் வந்துவிட்டது, பெட்டி விழிக்கத் தெரியாமல் நிற்கிறது. போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருந்தால், பெரும்பாலும் சிஆர்2032, கழற்றி அளந்து பாருங்கள். 3 வோல்ட்டுக்குப் பதில் 2.6க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். ராம் தனிப் பலகையாகச் செருகியிருந்தால் எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். இன்டெல் ஆட்டம் சி2000 வரிசைச் சிப் போட்ட பெட்டிகள் சிலவற்றில், சில வருஷம் ஓடியபின் சிப்பை இயக்கும் கடிகாரத் துடிப்பு நின்று பெட்டி எழாமல் போகும் குறையை 2017-ல் இன்டெல்லே வெளியிட்டது. உங்கள் மாடல் எண்ணை நீங்கள் எழுதவில்லை. அந்தச் சிப்பாக இருந்தால் செலவு செய்யுமுன் தயாரித்தவரிடம் கேளுங்கள்.

பெட்டி தேறவே தேறாது என்று ஆனாலும் பதிவுகளுக்கு இரண்டு வழி இருக்கிறது. சுலபமானது, அதே கம்பெனியின் வேறொரு பெட்டி. புதிதோ, கைமாறியதோ. உங்கள் பழைய மாடலிலிருந்து அதற்கு டிஸ்க்கை மாற்றலாமா என்று கம்பெனியின் பட்டியலில் பார்த்துக்கொண்டு, கரண்ட் இல்லாத நிலையில், 1-ஐ 1-லும் 2-ஐ 2-லும் செருகி ஏற்றுங்கள். பழைய டிஸ்க் என்று அடையாளம் கண்டு, ‘விவரங்களை வைத்துக்கொண்டு இடம் மாற்றவா, புதிதாக நிறுவவா’ என்ற பொருளில் கேட்கும். முதலாவது. அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டால் மூன்று வருஷ உழைப்பு போகும்.

மற்ற வழி லினக்ஸ். பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, கம்ப்யூட்டரில் நிறுவாமலே ஓட்டி, தொட்டில் வழியாக ஒரு டிஸ்க்கை மட்டும், எழுத விடாமல் படிக்க மட்டும் திறப்பது. ஒன்றில் உள்ளதே மற்றதிலும் என்கிற ரெய்டு 1 அமைப்பானால் ஒரு டிஸ்க் போதும். இன்னொன்று பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது. சினாலஜி பெட்டியின் டிஸ்க் இந்த வழியில் திறக்கும்; அந்தக் கம்பெனியே படிப்படியாக முறை கொடுத்திருக்கிறது. கியூநாப் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் அமைப்பைத் தங்கள் வழிக்கு மாற்றியிருப்பதால் சாதாரண உபுண்டு தடுமாறும். அதற்கு முதல் வழியே மேல். லினக்ஸ் பழக்கமில்லையென்றால் பழகிய பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெட்டி எழுந்த அன்று என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று அணைந்ததால் அது தானாகவே இரண்டு டிஸ்க்கையும் ஒத்துப் பார்க்கத் தொடங்கலாம். 4 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், பெட்டி மந்தமாக இருக்கும். குறுக்கே அணைக்காதீர்கள். அது முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாகஸ்வரத்தை மட்டும் உடனே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பெரிய சுமையே இல்லை. 400 கேசட், ஒவ்வொன்றும் 90 நிமிஷம் என்றால் 600 மணி நேரம். சிடி தரத்தில் சுருக்காமல் வைத்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி; மொத்தம் ஏறக்குறைய 380 ஜிபி. ஒரு 1 டிபி கையடக்க டிஸ்க்கில் பாதிகூட நிறையாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றே இருக்கிறதே என்பது ஒரு டிஸ்க் கெட்டால் காப்பாற்றும். இடி விழுந்தால், தவறுதலாக அழித்தால், இரண்டும் சேர்ந்தே போகும். நகலை வீட்டிலேயே வைக்காமல் வெளியூர்ப் பிள்ளை வீட்டில் வைப்பது உத்தமம்.

கரண்ட் விஷயத்தில் ஒரு 600 விஏ யுபிஎஸ் போதும். உங்கள் பெட்டி எடுப்பது ஓடும்போது 30 வாட் அளவுதான். ஆனால் யுஎஸ்பி ஒயர் வழியாக நாஸோடு பேசுகிற யுபிஎஸ்ஸாக இருக்க வேண்டும். கரண்ட் போய் ஐந்து நிமிஷம் ஆனால் தானாக ஒழுங்காக அணையும்படி அமைத்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், அதில் யுபிஎஸ், இன்வெர்ட்டர் என்று இரண்டு நிலை மாற்றும் சுவிட்ச் இருக்கும். இன்வெர்ட்டர் நிலையில் கைமாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, நாஸுக்குத் தெரியும். பெட்டி அணைந்து எழும். ‘கரண்ட் வந்ததும் தானே எழு’ என்ற அமைப்பை, யுபிஎஸ் வாங்கும்வரை எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் ஒரே தடவையில் வந்து நிற்பதில்லை. வந்து போய் வரும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க் எழுந்து விழ வேண்டியதில்லை. கால் மணி நேரம் நிலைத்தபின் நீங்களே பட்டனை அழுத்திக்கொள்ளலாம்.

மொட்டைப் பெட்டி எழுந்ததா, தொட்டிலில் டிஸ்க் சுழன்றதா, பல்பு எரியும்போது மீட்டர் எவ்வளவு காட்டியது, இந்த மூன்றையும் மாடல் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். அதுவரை போர்டுக்கென்று யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.